நெய்யில்லாச் சோறு

கல்யாணமான புதிதில் என் கணவரின் கண்ணிமைகளில் இருந்த மஞ்சள் திட்டுகளை நான் அழகு என்றுதான் நினைத்தேன். மூக்கை ஒட்டி, இரண்டு மேலிமைகளிலும், சந்தனம் காய்ந்து ஒட்டிக்கொண்டதுபோல இருக்கும். ஒருநாள் விளையாட்டாக ஈரத்துணியை எடுத்துத் துடைக்கப் போனேன்.

"அது போகாதுட்டி," என்றார். "எங்க அப்பாவுக்கும் இருந்துது. அண்ணனுக்கும் இருக்கு. எங்க வீட்டு அடையாளம்னு வச்சுக்கோ."

அவருடைய குதிகாலுக்கு மேலே ஓடும் நரம்பும் மற்றவர்களுக்கு இருப்பதுபோல இல்லாமல் தடித்து, முண்டும் முடிச்சுமாக இருந்தது. கைவிரல் முட்டிகளிலும் சின்னச் சின்னக் கட்டிகள். கடையில் பாத்திரம் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போனது என்று நானாக ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இருபது வயதுகூட நிரம்பாத எனக்கு வேறு என்ன தோன்றும்?

எங்கள் வீடு மேலகரத்தில். கடை குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற ரோட்டில். என் மாமனார் தொடங்கிய சைவச் சாப்பாட்டுக் கடை அது. அவரை நான் பார்த்ததில்லை. நாற்பது வயதுக்குள்ளேயே, தோசைக்கல்லுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து போய்விட்டாராம். அதன்பிறகு என் மைத்துனரும் என் கணவரும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடைக்கு வந்துவிட்டார்கள். அவர்களை ஆளாக்கியது என் மாமியார்.

சீசன் தொடங்கிவிட்டால் அண்ணன் தம்பி இருவரையும் வீட்டில் பார்க்க முடியாது. தலையிலும் உடம்பிலும் எண்ணெயை வழிய வழியத் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் நின்றுவிட்டு, ஈரத்துணியோடு பல் கிட்டிக்க வருகிறவர்களுக்கு வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. அவர்களுக்குச் சூடாகவும் வேண்டும், எண்ணெய்ப் பசையோடும் வேண்டும். மைத்துனர் கல்லுக்கு முன்னால் நின்று, கரண்டி நிறைய நெய்யை எடுத்துத் தோசையைச் சுற்றி விடுவார். சாரலில் நனைந்த தெரு முழுக்க அந்த மணம் போகும். "நெய்ய கண்ணுல காட்டுத கடை இல்ல இது, ஊத்துத கடை!" என்று சத்தம் போட்டுச் சொல்லுவார். பெரிய குரல் அவருக்கு. சிரித்தால் அடுத்த கடையில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவர் போனதும் ஒரு சீசனில்தான். காலையில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தபோது நெஞ்சைத் தடவிக்கொண்டு, "வாயு பிடிச்சிருக்கு போல" என்று சொல்லியிருக்கிறார். மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்துவிட்டு, மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறார். என் கணவர் நாலு இலைக்குச் சாம்பார் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கும் நாற்பது ஆகவில்லை. பிள்ளைகளும் இல்லை. அவர் மனைவி காரியம் முடிந்ததும் சுந்தரபாண்டியபுரத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு சொல்லாமலே வண்டியில் ஏறிவிட்டாள். என்ன சொல்ல வந்தாள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அந்த வீட்டு ஆண்கள் நாற்பதைத் தாண்ட மாட்டார்கள் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

என் மாமியார் ஜோசியர் வீடுகளுக்கு அலைந்தாள். ஒருவர் பித்ரு தோஷம் என்றார். ஒருவர் கடை இருக்கிற இடம் சரியில்லை என்றார். அவர்கள் சொன்ன பரிகாரம் அத்தனையையும் அவள் செய்தாள். என் கணவருக்கு அப்போது முப்பத்து மூன்றோ நான்கோ. எங்களுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் இருந்தாள். மகன் வயிற்றில் இருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கத்தில் என் கணவருக்கு வலி வர ஆரம்பித்தது. மேலகரத்திலிருந்து குற்றாலத்துக்கு அவர் சைக்கிளில்தான் போவார். மேடு ஏறும்போது நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவதுபோல இருக்கிறது என்றார். இறங்கி நின்றால் விட்டுவிடும். மறுபடி ஏறினால் மறுபடி இறுக்கும். "வாயுதான்" என்றார். மைத்துனர் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான். அன்றைக்கே அழுது அடம்பிடித்து அவரைத் தென்காசிக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.

அந்த டாக்டர் நிதானமான மனிதர். குழாயை நெஞ்சில் வைப்பதற்கு முன்பே என் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு விரலால் இமையைத் தொட்டுப் பார்த்தார். வேட்டியைத் தூக்கிக் குதிகாலைக் காட்டச் சொன்னார். கையை விரிக்கச் சொன்னார்.

"அப்பா இருக்காங்களா?"

"இல்ல சார். சின்ன வயசுலயே தவறிட்டாங்க."

"கூடப் பிறந்தவங்க?"

"ஒரு அண்ணன். அவனும் இல்ல."

"அவங்களுக்கும் இந்த மாதிரி மஞ்சளா இருந்துதா?"

என் கணவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, எங்கள் இருவருக்கும் புரிகிற மாதிரி சொன்னார். ரத்தத்தில் கொலஸ்ட்ரால் என்று ஒரு கொழுப்பு இருக்கிறது. எல்லோருக்கும் இருப்பதுதான். அது அளவுக்கு மீறினால் ரத்தக்குழாயின் உள்பக்கம் படிந்து வழியை அடைக்கும். இமையிலும் குதிகாலிலும் வெளியே தெரிவது அதுதான். உள்ளே நெஞ்சுக்குப் போகிற குழாயிலும் அதுவே படிந்திருக்கலாம். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சோதித்து அளவு சொல்லுவார்கள், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார்.

ரயிலில் விருதுநகர் வழியாக மதுரைக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். முடிவு வந்ததும் தென்காசி டாக்டர் அதை இரண்டுதரம் படித்தார். "ரொம்ப அதிகமா இருக்கு. நான் இவ்வளவு பார்த்ததில்லை" என்றார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள மாத்திரை எழுதித் தந்தார். பிறகு சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார். நெய், வெண்ணெய், பாலேடு, தயிர், வனஸ்பதி எதுவும் கூடாது. தேங்காயும் தேங்காயெண்ணெயும் கூடாது. மற்ற எண்ணெயும் பேருக்குத்தான். கொழுப்பைக் குறைத்துச் சாப்பிட்டால் ரத்தத்தில் இருப்பதும் குறையும் என்று வெளிநாடுகளில் கண்டிருக்கிறார்கள் என்றார்.

நம்புவீர்களோ என்னவோ, அன்றைக்கு நான் சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு வந்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வயலைப் பார்த்து எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன். சாபம் என்றால் நான் என்ன செய்ய முடியும்? சாப்பாடு என்றால் அது என் கையில் அல்லவா இருக்கிறது!

மாமியார்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

"நாம முட்டை தொட்டது கெடையாது. கறி மீனு தொட்டது கெடையாது. நம்ம ரத்தத்துல எங்கேருந்துட்டி கொழுப்பு வந்துது?"

"நெய்யில இருக்காம் அத்தை. தேங்காயிலயும் இருக்காம்."

"தேங்கா தின்னு செத்தவன் எவன்? அப்படின்னா இலஞ்சியில ஒருத்தன் உயிரோட இருக்க மாட்டான்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பு இல்லாத ஊர் ஏது? சொதி, அவியல், கூட்டு, துவையல் என்று எதை எடுத்தாலும் தேங்காய் இல்லாமல் ஆகாது. தேங்காய் இல்லாமல் சமைக்கச் சொல்லுவது தண்ணீர் இல்லாமல் குளிக்கச் சொல்லுவது மாதிரிதான். ஆனாலும் நான் கற்றுக்கொண்டேன். கடுகை எண்ணெய் இல்லாமல் வெறும் இரும்புக் கரண்டியில் வறுப்பேன். அது பொரிந்து என் முகத்தில் தெறிக்கும். தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டு வராது. ஆகவே இட்லியோடு நிறுத்திக்கொண்டேன். கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்தேன். கீரையை வேகவைத்து உப்பும் சீரகமும் போட்டேன். மோரைக் கடைந்து கடைந்து, வெண்ணெய் ஒரு பொட்டுக்கூட இல்லாத வெறும் நீரை எடுத்தேன். முதல்நாள் அவர் ஒரு கவளம் வாயில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில படுக்காமலே ஆஸ்பத்திரிச் சோறு," என்றார். ஆனால் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அவருக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் சமைக்க மனசு வரவில்லை. நானும் அதையே சாப்பிட்டேன். பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் மட்டும் தனியாக வைத்தேன். மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு தினமும் குற்றாலத்துக்குப் போவேன். விடிந்ததிலிருந்து நெய் புகையில் நின்று நூறு பேருக்கு ஊற்றிக் கொடுத்த மனிதர், பின்கட்டில் உட்கார்ந்து நான் கொண்டுபோன வெறுஞ்சோற்றைச் சாப்பிடுவார். அதைப் பார்த்த வாடிக்கைக்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "மொதலாளி சொந்தக் கடையில சாப்பிட மாட்டாராம்லே. எண்ணெயில என்ன கலக்குதாரோ" என்று ஒருவர் ஆரம்பிக்க, அது நாலு வாய் மாறி, அந்தச் சீசனில் கூட்டம் பாதியாகிவிட்டது. கடையை விட்டுவிட்டு வேறு ஏதாவது செய்யலாமே என்று டாக்டர் சொன்னபோது, "எனக்கு வேற என்ன சார் தெரியும்?" என்றார்.

சில மாதம் கழித்து மறுபடியும் மதுரைக்குப் போனோம். முன்பு இருந்ததைவிட அளவு இறங்கியிருந்தது. டாக்டர் எழுந்து வந்து என் கணவரின் தோளில் தட்டினார். "கொறஞ்சிருக்கு. ஆனா இன்னும் ரொம்பக் கொறயணும்" என்றார். பின்பாதி என் காதில் ஏறவே இல்லை. என் கணவர் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பிச்சிப்பூ வாங்கித் தந்தார். இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் மற்றவர்களைப்போல் ஆகிவிடுவார் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. பாலை நிறுத்தினேன். பேருக்கு விட்டுக்கொண்டிருந்த நல்லெண்ணெயையும் நிறுத்தினேன். நிலக்கடலையைக்கூட வீட்டுக்குள் விடவில்லை.

அவர் இளைத்தார். கன்னத்து எலும்பு தெரிந்தது. வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது. ஆனால் இமையில் இருந்த மஞ்சள் அப்படியே இருந்தது. மேட்டில் ஏறினால் வருகிற வலியும் அப்படியே இருந்தது. சைக்கிளை விட்டுவிட்டு பஸ்ஸில் போகத் தொடங்கினார். பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்கு நடக்கும்போதே ஒருதரம் நின்று நாக்குக்கு அடியில் மாத்திரை வைக்கவேண்டியதாயிற்று.

அடுத்த தடவை ரத்தம் பார்த்தபோது, அளவு போன தடவை இருந்த இடத்திலேயே நின்றது. நான் அதை நம்பவில்லை. மதுரையில் தப்பாகப் பார்த்துவிட்டார்கள் என்று சொன்னேன்.

அந்த வாரத்தில்தான் அதைக் கண்டுபிடித்தேன். சாயங்காலம் நான் கிணற்றிலிருந்து குடத்தோடு உள்ளே வந்தபோது, மாமியார் என் கணவருக்கு ரசஞ்சாதம் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கிண்ணத்தில் நெய் உருகியிருந்தது. அடுப்படி முழுக்க மணம். நான் குடத்தை இறக்கக்கூட இல்லை.

"என்ன செய்யுதிய அத்தை?"

அவள் மறைக்கவில்லை. "எம்புள்ளைக்குச் சோறு போடுதேன். நீதான் அவனக் காயப்போட்டுக் கொல்லுதியே!"

"கொல்லுதது நானா? நீங்களா? டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாவளே!"

"டாக்டர் பெத்தானா இவன? ரெண்டு பேரத் தூக்கிக் குடுத்திருக்கேன்ட்டி நான். அவங்க ரெண்டு பேரும் வயிறார சாப்பிட்டுப் போனாவ. இவன் பட்டினியா போணுமா?"

இவனும் போய்விடுவான் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. கையில் இருந்த உருண்டையைத் தட்டில் போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். என் கணவர் எழுந்து கையைக் கழுவினார்.

"எத்தன நாளா இது நடக்கு?" என்று அவரைக் கேட்டேன்.

"எப்பவாவதுதான். அம்மா ஊட்டும்போது வேண்டாம்னு எப்படிட்டி சொல்லுவேன்?"

அன்றைக்கு நான் குடத்துத் தண்ணீரை அடுப்பில் கொட்டி அணைத்துவிட்டேன். யாரும் சாப்பிடவில்லை. மாமியார் குற்றாலநாதர் மேல் சத்தியம் செய்து, இனி நெய்யைத் தொடுவதில்லை என்றாள். சொன்னபடி செய்தாள். தன் சோற்றுக்குக்கூட ஊற்றிக்கொள்ளவில்லை. நானோ உள்ளுக்குள் ஒருவித நிம்மதியோடு இருந்தேன். அளவு இறங்காததற்குக் காரணம் தெரிந்துவிட்டது, இனி இறங்கிவிடும் என்ற நிம்மதி அது.

இறங்கவில்லை. அடுத்த முறை முடிவு வந்தபோது டாக்டர் என் கணவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் முந்திக்கொண்டு நெய் விஷயத்தைச் சொன்னேன். இப்போது யாரும் கொடுக்கவில்லை, நானே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"அந்த நெய்யில ஒண்ணும் இல்லம்மா," என்றார். "உங்க மாமியார் மேல வருத்தப்படாதீங்க. சாதாரணமா ஒருத்தருக்குக் கூடியிருந்தா, கொழுப்பக் கொறச்சுச் சாப்பிட்டா எறங்கும். அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். உங்க வீட்டுக்காரர் விஷயம் வேற. இந்தக் கொலஸ்ட்ரால் சாப்பாட்டுல இருந்து மட்டும் வர்றதில்ல. ஈரலே அத உண்டாக்குது. அவருக்குப் பொறவியிலேயே அது அளவில்லாம சேருது. நீங்க வெறுந்தண்ணி குடுத்தாலும் சேரும். அப்பாகிட்ட இருந்து வந்துது. அண்ணனுக்கும் வந்துது."

"அப்ப நான் இத்தன நாள் செஞ்சது?"

"அதுல எறங்கினது எறங்கினதுதான். அவ்வளவுதான் சாப்பாட்டால முடியும்."

"மருந்து?"

அவர் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார். "நம்ம கையில இப்ப ஒண்ணும் இல்லம்மா."

அந்த மனிதர் நல்லவர். பொய் சொல்லி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. வெளியே வந்தபோது என் கணவர் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த குழந்தைக்கு விரலால் நிழல்முயல் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை இறக்கிவிட்டார். ஜோசியர் சொன்னதும் டாக்டர் சொன்னதும் கடைசியில் ஒன்றாகப் போய்விட்டதே என்று எனக்கு இருந்தது. சாபம் என்ற பேரை மாற்றி ரத்தம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதானே. இதற்காகவா என் கணவரின் நாக்கைச் சாகடித்தேன்?

மறுநாள் காலையில் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறைத்துவைக்க எனக்குத் திராணி இல்லை. சொல்லிவிட்டு, "இனி உங்களுக்குப் பிடிச்சத சாப்பிடுங்க. நாளைக்கு சொதி வைக்கட்டா? தேங்காப்பால் எடுத்து, பழைய மாதிரி?" என்று கேட்டேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம்ட்டி. நீ வைக்கித மாதிரியே வை."

"ஏங்க? அதுல பிரயோசனம் இல்லன்னு அவுகளே சொல்லிட்டாவளே."

"நாளைக்கு நான் நெய்யும் தேங்காயுமா தின்னுட்டு, மறுநா ஏதாவது ஆச்சுன்னா, நீ உயிரோட இருக்க வரைக்கும் அந்தச் சொதியத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடப்ப. அது வேண்டாம்."

அதற்குமேல் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. நான் வெறும் கரண்டியில் கடுகு வறுத்தேன். அவர் சாப்பிட்டார். நம்பிக்கை இருந்தபோது அந்தச் சமையலில் ஒரு வேகம் இருந்தது. இப்போது கையும் காலும் தானாகச் செய்தன. இலஞ்சிப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டோம். பந்தியில் அவர் இலைக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம் என்று கையைக் காட்டுவதைப் பார்க்க எனக்குப் பலம் இல்லை.

சீசன் தொடங்குவதற்கு முன், அருவியெல்லாம் வற்றிக் கிடந்த ஒரு கோடையில் அவர் போனார். நான் தூக்குச்சட்டியோடு கடைக்குப் போனபோது நல்ல வெயில். கடையில் ஆள் இல்லை. அவர் பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். நான் சட்டியைத் திறந்தேன்.

"இன்னைக்கு என்ன?" என்றார்.

"புளிக்கொழம்பும் அவரக்காயும்."

எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் சாப்பிட்டார். "கொஞ்சம் வெந்நீ குடு" என்றார். நான் உள்ளே போய் வெந்நீர் எடுத்து வருவதற்குள் அவர் தலை சுவரில் சாய்ந்திருந்தது. மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தேன். அது கரையாமல் அப்படியே இருந்தது. வாயோரத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை நான் துடைத்துவிட்டேன். நாற்பதுக்கு இன்னும் மிச்சம் இருந்தது.

பதினாறாம் நாள் படையல் போட்டார்கள். அவருக்கு என்னென்ன பிடிக்கும் என்று சொந்தக்காரர்கள் கேட்டுக் கேட்டுச் சமைத்தார்கள். தலைவாழை இலையில் சொதி, அவியல், தேங்காய்த் துவையல், வடை, நெய்யில் மிதக்கிற பாயசம். ஒரு அம்மாள் நெய்க்கிண்ணத்தைக் கொண்டுவந்து, "நல்லா ஊத்துங்க, ஆசையா சாப்பிடுவாரு" என்றாள். பருப்பின் மேல் நெய் வழிந்து இலையின் நரம்போடு ஓடியது. இத்தனை வருஷம் நான் அவருக்குக் கொடுக்காதிருந்த அத்தனையும் அந்த இலையில் இருந்தது. நான் அங்கே நிற்க மாட்டாமல் பின்வாசலுக்குப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டேன். என்னைப் பிடித்து நிறுத்தியவர்கள் நான் துக்கத்தில் செய்கிறேன் என்று நினைத்தார்கள். எனக்குத் துக்கத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். யார்மேல் ஆத்திரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மாமியார் அன்றிலிருந்து ஒரே பேச்சைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் நெய்ய ஊட்டிக் கொன்னுட்டேன்." நான் எத்தனையோ முறை சொன்னேன்.

"அத்தை, அதுல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொன்னாவ. பொறவியிலேயே அவுகளுக்கு அப்படி."

"எனக்காவ சொல்லுத. எனக்குத் தெரியும்ட்டி."

டாக்டரையே வீட்டுக்கு வரவழைத்துச் சொல்லவைத்தேன். அவர் முன்னால் தலையை ஆட்டினாள். அவர் படியிறங்கியதும், "அவரும் எனக்காவச் சொல்லுதாரு" என்றாள். ஒரு காலத்தில் நெய்யில் கெடுதல் இருக்கிறது என்று அவளை நம்பவைக்க நான் பட்டபாடு கொஞ்சமல்ல. இப்போது அந்தக் கொஞ்சநஞ்ச நெய்யால் மகன் சாகவில்லை என்று நம்பவைக்க என்னால் முடியவில்லை.

கடையை அங்கே வேலை செய்துகொண்டிருந்த சமையல்காரரிடமே விட்டுவிட்டோம். அன்று வீட்டுக்கு வந்த டாக்டர் போகும்போது என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் இருவருக்கும் ஒருதரம் ரத்தம் பார்த்துவிடுவது நல்லது என்றார். ஒரு வருஷம் வரை நான் போகவில்லை. தினமும் அவர்களைக் குளிப்பாட்டும்போது குதிகாலைத் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் தட்டுப்படாது. ஒருநாள் மகளுக்குத் தலைபின்னும்போது அவள் முழங்கையில் அரிசி அளவுக்கு ஒரு மஞ்சள் புள்ளியைப் பார்த்தேன். அடுத்த ரயிலில் மதுரைக்குப் போனோம்.

மகனுக்கு ஒன்றுமில்லை. மகளுக்கு இருந்தது.

விசாரிக்க வந்தவர்களில் ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "எப்படியோ, ஆம்பளப் பிள்ள தப்பிச்சுதே! அந்த மட்டும் கடவுள் கண்ணத் திறந்தாரு" என்றாள். நாலு பேர் ஆமாம் என்றார்கள். என் மகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து வயது தாண்டியவள், எல்லாம் புரியும். அவர்கள் போனபிறகு, "எனக்கும் அப்பா மாதிரியாம்மா?" என்று கேட்டாள். பெண்களுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததைச் சொன்னேன். எவ்வளவு சீக்கிரம் என்று அவள் கேட்கவில்லை. சாப்பாட்டால் எவ்வளவு முடியும் என்று தெரிந்திருந்தும், மறுநாளிலிருந்து நான் அவளுக்கும் எண்ணெயில்லாமல் சமைத்தேன். வேறு என்ன செய்ய இருந்தது? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்து அவள் பெரியவளானாள். எங்கள் பக்கத்தில் அப்போது உளுந்தங்களி கொடுப்பார்கள். உளுத்தம்மாவைக் கருப்பட்டிப் பாகில் கிளறி, நடுவில் குழித்து, நல்லெண்ணெயை நிறைய ஊற்றிக் கொடுத்தால்தான் இடுப்பெலும்புக்குப் பலம் என்பார்கள். சொந்தக்காரப் பெண்கள் கூடிவிட்டார்கள். நல்லெண்ணெய் அவ்வளவு கெடுதல் இல்லை, அளவாகச் சேர்க்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நானும் இந்த ஒரு நாளாவது மற்ற பிள்ளைகளைப்போல் சாப்பிடட்டும் என்று நினைத்தேன். களியைக் கிண்ணத்தில் எடுத்துக் குழித்து, எண்ணெய்ச் செம்பைத் தூக்கினேன். மாமியார் எங்கிருந்துதான் வந்தாளோ, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊத்தாதட்டி," என்றாள். "ஒனக்குப் புண்ணியமாப் போவும். ஊத்தாத."

"அத்தை, இது நல்லெண்ணெதான். இதுக்கு டாக்டர்..."

"ஊத்தாத."

நான் செம்பைக் கீழே வைத்தேன். எண்ணெய் இல்லாத உளுந்தங்களியை விழுங்க முடியாது. அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு தொண்டைக்குள் இறங்காது. என் மகள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, அதைத் தின்று முடித்தாள்.